அண்டர்டார்க் கேம்பெய்னுக்கு ரோக்கா, ஷேடோ மங்க்கா, க்ளூம் ஸ்டாக்கரா?

முதல்_உருட்டு

அடுத்த மாதம் புது கேம்பெய்ன் (பல அமர்வுகளாக நீளும் தொடர்கதை ஆட்டம்) தொடங்குகிறோம். பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பு, 2014 விதிகள். ஸனாதர், டாஷா என்ற இரண்டு கூடுதல் விதிப் புத்தகங்களும் உண்டு. லெவல் 3-இல் ஆரம்பம், 11-ஐத் தொட்டதும் முடிவு. கதை முக்கால்வாசி அண்டர்டார்க் என்ற இருண்ட பாதாள உலகில் நடக்கிறது. ட்ரோ, குவாகாத், ஹூக் ஹாரர் போன்ற எதிரிகளை எதிர்பார்க்கலாம் என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லிவிட்டார்.

குழுவில் மற்ற மூவரும் முடிவாகிவிட்டார்கள். மனித பாலடின் (புனிதப் போர்வீரர்), செயின் மெயில் கவசம், டெக்ஸ் (சுறுசுறுப்பு) 10. மனித விசார்ட் (மந்திரவாதி), டெக்ஸ் 14. குள்ளர் இன லைஃப் கிளெரிக் (வைத்தியம் செய்யும் பூசாரி), இவரும் செயின் மெயில், டெக்ஸ் 10. நாலாவது ஆள் நான். முன்னால் போய் வேவு பார்க்க, பூட்டு திறக்க, பதுங்கி இருந்து அடிக்க ஒருவர் வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அசாஸின் ரோக், ஆர்க்கேன் ட்ரிக்ஸ்டர் ரோக், ஷேடோ மங்க், க்ளூம் ஸ்டாக்கர் ரேஞ்சர் என்று நாலு பெயர் கையில் இருக்கிறது (முன்னால் வருவது சப்கிளாஸ், அதாவது கிளாஸின் உட்பிரிவு). அசாஸின் வீண் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே, அது உண்மையா? இனத்தில் லைட்ஃபுட் ஹாஃப்லிங்கா, வுட் எல்ஃபா?

பகடைப்பித்தன்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒளிவது ஒரு கணக்கு. உங்கள் கூட்டமே சத்தம் காட்டாமல் போவது வேறு கணக்கு. கிளாஸ் ஒப்பிடுபவர்கள் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு ரோக்தான் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள்.

அந்த முதல் கணக்கும் இப்போது பழையபடி இல்லை. லெவல் 5, டெக்ஸ் 18 என்று வைத்துக்கொண்டால் ஸ்டெல்த் (பதுங்கல்) உருட்டில் ரோக்குக்கு எக்ஸ்பர்டீஸோடு (ப்ரொஃபிஷியன்ஸி, அதாவது தேர்ச்சிக் கூட்டல், இரட்டிப்பாவது) 4+6, அதாவது +10. மங்க்குக்கு +7. ரேஞ்சருக்கும் +7தான், ஆனால் டாஷா புத்தகத்தின் டெஃப்ட் எக்ஸ்ப்ளோரரை எடுத்தால் ஒரு ஸ்கில்லுக்கு எக்ஸ்பர்டீஸ் கிடைத்து அவரும் +10-க்கு வந்துவிடுகிறார். அதற்கு நேச்சுரல் எக்ஸ்ப்ளோரரை விட்டுக்கொடுக்க வேண்டும். வேறு கேம்பெய்ன் என்றால் யோசிக்காமல் விட்டுவிடலாம். உங்கள் கதை முழுக்க அண்டர்டார்க், அதுவோ ரேஞ்சர் தேர்ந்தெடுக்கக்கூடிய நிலப்பரப்புகளில் ஒன்று. குழு வழிதவறாது, தெரிந்த ஸ்கில் என்றால் பெர்செப்ஷனுக்கும் (கவனித்துக் கண்டுபிடிப்பது) ப்ரொஃபிஷியன்ஸி இரட்டிப்பாகும். எல்லோரும் குப்பை என்று ஒதுக்கும் அம்சம் நிஜமாகவே வேலை செய்யும் அபூர்வ இடம் இது.

ரோக் மற்றவர்களை விட்டு எட்டப் போவது லெவல் 11-இல். ரிலையபிள் டேலண்ட் வந்துவிட்டால் 20 முகப் பகடையில் 9-உம் அதற்குக் கீழே விழுவதும் 10 ஆகிவிடும். டெக்ஸ் 20, எக்ஸ்பர்டீஸ் +8, மொத்தம் +13. ஆக 23-க்குக் கீழே உங்களுக்கு விழவே விழாது. ஆனால் உங்கள் கேம்பெய்ன் முடியப்போவதே லெவல் 11-இல். கல்யாணம் முடிந்த பிறகு பந்தலில் பூ கட்டுவது போல.

இனி இரண்டாவது கணக்கு. 2014 விதியில் ஒரு எதிரிக்கு உங்களில் ஒருவர் கண்ணில் பட்டாலும் அந்த எதிரிக்கு சர்ப்ரைஸ் (எதிர்பாராமல் மாட்டி முதல் டர்னை இழப்பது) கிடையாது. சாதாரண ட்ரோவின் பாசிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் எண்) 12. சமமாக விழுந்தால் ஒளிபவருக்கே சாதகம் என்று வைத்துக்கொள்வோம். லெவல் 5-இல் ரோக் தப்பிக்க வாய்ப்பு 95 சதவீதம். விசார்டுக்கு 55. பாலடினுக்கு வெறும் 0, செயின் மெயிலால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) வேறு, ஆக 20 சதவீதம். கிளெரிக்குக்கும் அதே 20. நாலையும் பெருக்கினால் 2 சதவீதம். ஐம்பது பதுங்கலில் ஒன்று பலிக்கும்!

இதே இடத்தில் யாரோ ஒருவர் பாஸ் வித்அவுட் ட்ரேஸ் என்ற ஸ்பெல்லை (மந்திரம்) போட்டிருந்தால் எல்லோருக்கும் +10. ரோக்கும் விசார்டும் 1 உருட்டினாலும் தப்பித்துவிடுவார்கள். பாலடினுக்கும் கிளெரிக்குக்கும் தலா 90. மொத்தம் 81 சதவீதம். 2-க்கும் 81-க்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு இரண்டாம் லெவல் ஸ்பெல். எனவே எந்த கிளாஸ் நன்றாக ஒளிகிறது என்பதைவிட, அந்த ஸ்பெல்லை யார், எந்த லெவலில், எத்தனை முறை போட முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரேஞ்சருக்கு அது லெவல் 5-இல்தான் வரும், இரண்டாம் லெவல் ஸ்லாட் (ஒரு நாளில் ஸ்பெல் போடும் வாய்ப்பு) இரண்டு. ஷேடோ மங்க்குக்கு லெவல் 3-லேயே 2 கி (மங்க்கின் சக்திப் புள்ளி) செலவில் கிடைக்கும். அப்போது கையில் இருப்பதே 3 கி, ஆனால் ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) எடுத்தால் திரும்பிவிடும். ரோக்குக்கு எந்த சப்கிளாஸிலும் கிடையாது. ட்ரூயிடுக்கும் ட்ரிக்கரி கிளெரிக்குக்கும் லெவல் 3-லேயே, நாளுக்கு இரண்டு முறை.

இந்த ஸ்பெல்லில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. போட்டவரைச் சுற்றி 30 அடிக்குள் இருப்பவர்களுக்குத்தான் அந்த +10. வேவு பார்ப்பவரே அதைப் போட்டுக்கொண்டு 60 அடி முன்னால் போய்விட்டால் பின்னால் வரும் பாலடின் பழையபடி தகர டப்பா. குடை பிடிப்பவர் கூட்டத்தின் நடுவில் நடக்க வேண்டும், ஓடிப் பார்த்துவிட்டு வருபவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். அதனால் உங்கள் லைஃப் கிளெரிக்கை ட்ரிக்கரி டொமைனுக்கு மாறச் சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதித்தால் நீங்கள் நிம்மதியாக ரோக் எடுக்கலாம். இல்லையென்றால் ஷேடோ மங்க் அல்லது ரேஞ்சர்.

கரும்பூனை

மேல சொன்ன கணக்கு சரிதான் ப்ரோ. ஆனா அண்டர்டார்க்ல அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம் இருக்கு, வெளிச்சம். குழுவுல ரெண்டு மனுஷங்க. டார்க்விஷன் (இருட்டுல பார்க்கிற கண்ணு) இல்ல. அப்போ யாராவது டார்ச் பிடிக்கணும். டார்ச்னா 20 அடி பளிச், அடுத்த 20 அடி மங்கல். நேர் குகையில அந்த வெளிச்சம் ரொம்ப தூரத்துக்குத் தெரியும். +20 ஸ்டெல்த் வெச்சுக்கிட்டு கையில தீப்பந்தம் பிடிச்சா எந்த டிஎம்மும் உருட்டவே விடமாட்டார்.

க்ளூம் ஸ்டாக்கர் எடுக்கணும்னு ஆசைப்படறவங்க இதைத்தான் மறந்துடறாங்க. அம்ப்ரல் சைட் என்ன சொல்லுது? நீங்க இருட்டுல இருந்தா, டார்க்விஷனை நம்பிப் பார்க்கிறவனுக்கு நீங்க இன்விசிபிள். அண்டர்டார்க்ல முக்கால்வாசிப் பேர் டார்க்விஷனை நம்பித்தான் வாழறாங்க, அதனால இந்த கேம்பெய்னுக்கே தெச்ச சட்டை மாதிரி இருக்கும். ஆனா உங்க விசார்ட் லைட் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத ஸ்பெல்) போட்டுக்கிட்டு 15 அடி பின்னால நின்னா நீங்க இருக்கிறது இருட்டே இல்ல. சட்டை கழண்டுடுச்சு.

இதுக்கு மூணு வழி. ஒண்ணு, வெளிச்சத்துல இருந்து 40 அடிக்கு மேல தள்ளியே நில்லுங்க, விசார்டை மெசேஜ் கேன்ட்ரிப் எடுக்கச் சொல்லுங்க. 120 அடி வரைக்கும் கிசுகிசுன்னு பேசிக்கலாம். ஒரு அடி கல் நடுவுல இருந்தா நின்னுடும், குகை வளைவுல அதைப் பார்த்துக்கணும். ரெண்டு, ஹூடட் லாந்தர், 5 தங்கம். மூடியை இறக்கினா 5 அடிக்கு மட்டும் மங்கலா எரியும், திறந்தா 30 அடி பளிச். டார்ச்சை விட நூறு மடங்கு மேல். மூணாவது வழிதான் நல்லது: விசார்ட் லெவல் 3-ல டார்க்விஷன் ஸ்பெல் எடுக்கட்டும். எட்டு மணி நேரம் நிக்கும், கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்துல ஒரு ஸ்பெல்லை மட்டும் மனசுல பிடிச்சு வெச்சுக்கிறது) வேண்டாம். ரெண்டு மனுஷங்களுக்கும் போட்டா அன்னிக்கு ரெண்டாம் லெவல் ஸ்லாட் ரெண்டும் காலி, விசார்ட் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பார். லெவல் 4-ல இருந்து மூணு ஸ்லாட், சமாதானம் ஆயிடுவார்.

டார்க்விஷன் இருக்குன்னு எல்லாம் சரியாயிடாது. முழு இருட்டு உங்களுக்கு மங்கலாத்தான் தெரியும். கண்ணால பார்க்கிற பெர்செப்ஷன்ல டிஸ்அட்வான்டேஜ், பாசிவ்ல 5 குறையும். பொறி இருக்கிற இடத்துல லாந்தர் மூடியைத் திறந்து பார்த்துட்டு மூடிக்கோங்க.

இனம் கேட்டீங்க. லைட்ஃபுட் ஹாஃப்லிங் வேணாம். பாலடின் முதுகுக்குப் பின்னால ஒளியலாம், அது அருமையான விஷயம், மறுக்கல. ஆனா டார்க்விஷன் கிடையாது, மூணாவது குருடன் ஆயிடுவீங்க. வுட் எல்ஃப்னா 60 அடி டார்க்விஷன், பெர்செப்ஷன் ஓசி. 27 பாயின்ட் பைல (புள்ளி குடுத்துத் திறன் வாங்கற முறை) டெக்ஸ் 15, விஸ்டம் 15, கான் (உடல் உறுதி) 14, ஸ்ட்ரெங்த் 10, மீதி ரெண்டும் 8 வாங்குங்க. இனத்துக்கான கூட்டல் சேர்ந்து டெக்ஸ் 17, விஸ்டம் 16 ஆயிடும். ரேஞ்சருக்கும் மங்க்குக்கும் இதே போதும். இலை, மழை, மூடுபனில ஒளியறது வுட் எல்ஃபோட தனிச் சிறப்பு, அது மட்டும் குகையில தூங்கும்.

ஷேடோ மங்க் பத்தி. லெவல் 6-ல ஷேடோ ஸ்டெப். நிக்கிற இடமும் போற இடமும் மங்கலாவோ இருட்டாவோ இருக்கணும், போற இடம் கண்ணுக்குத் தெரியணும், 60 அடி, போனஸ் ஆக்‌ஷன், எத்தனை தடவை வேணா. போய் இறங்கி அடிக்கிற முதல் அடிக்கு அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுக்கிறது). அண்டர்டார்க்ல இது கிட்டத்தட்ட பஸ் பாஸ். டார்க்னஸ் ஸ்பெல் மட்டும் ஏமாத்தும். 2014 விதில நீங்க போட்ட இருட்டுக்குள்ள உங்களுக்கே கண்ணு தெரியாது. உங்க விசார்டும் கத்துவார், அவர் குறி பார்க்கிற எதுவும் தெரியாது. அந்த 2 கியை சைலன்ஸுக்கு வெச்சுக்கோங்க.

பூட்டு திறக்க ஆள் வேணும்னு சொன்னீங்களே, மங்க்குக்கோ ரேஞ்சருக்கோ தீவ்ஸ் டூல்ஸ் கிளாஸ்ல வராது. க்ரிமினல் பேக்ரவுண்ட் எடுத்தா ஸ்டெல்த்தும் தீவ்ஸ் டூல்ஸும் சேர்ந்தே வரும். கவலையே இல்ல.

திரைக்குப்பின்_டிஎம்

திரைக்கு இந்தப் பக்கம் இருந்து சிலது.

ஸ்னீக் அட்டாக்குக்கு (ரோக்கின் கூடுதல் டேமேஜ்) ஒளிய வேண்டும் என்று கேள்வியிலேயே தொனிக்கிறது. வேண்டாம். ஃபினெஸ் (டெக்ஸால் வீசக்கூடிய) அல்லது தூர ஆயுதம், கூடவே அட்வான்டேஜ் அல்லது இலக்குக்கு 5 அடிக்குள் உங்கள் ஆள் ஒருவர். உங்கள் பாலடின் எப்போதும் எதிரியின் மூக்கடியில் நிற்கப்போகிறார், ஆக பெரும்பாலான ரவுண்டில் ரோக் சும்மா நின்று எய்தாலே ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். டிஸ்அட்வான்டேஜ் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ரவுண்டிலும் தூண் தூணாக ஓடி ஒளிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. போனஸ் ஆக்‌ஷனில் ஒளிவதால் வரும் லாபம் அட்வான்டேஜும், எதிரி உங்களைக் குறிவைக்க முடியாததும். அதுவும் எய்த நொடியில் போய்விடும், பட்டாலும் படாவிட்டாலும்.

ரோக், க்ளூம் ஸ்டாக்கர் டேமேஜை ஒப்பிடுபவர்கள் முதல் ரவுண்டை மட்டும் காட்டுவார்கள். லெவல் 5, டெக்ஸ் 18, எல்லாம் படுகிறது என்று வைத்தால் க்ளூம் ஸ்டாக்கர் லாங்போவில் மூன்று அம்பு, மூன்றாவதில் கூடுதல் ஒரு டி8 (8 முகப் பகடை), சராசரி 30. ஷார்ட்போ ரோக் 1டி6+4, ஸ்னீக் 3டி6, சராசரி 18. பார்த்தால் ரோக் பாவம். இரண்டாவது ரவுண்டில் ரேஞ்சர் 17, ரோக் அதே 18. இடைவெளி முதல் டர்னோடு சரி. ஹன்டர்ஸ் மார்க் ஸ்பெல் போட்டால் ரேஞ்சரின் டேமேஜ் கூடும், ஆனால் அதுவும் பாஸ் வித்அவுட் ட்ரேஸும் கான்சன்ட்ரேஷன். சண்டை தொடங்கி, மறைவு இனி தேவையில்லை என்று தெரிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். பதுங்கி வரும்போதே மார்க் போட்டால் கூட்டத்தின் +10 அங்கேயே உதிர்ந்துவிடும்.

அசாஸினுக்கு வருவோம். அதை வீண் என்பதற்குக் காரணம் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முந்துவது என்ற உருட்டு). சர்ப்ரைஸ் ஆனவன் தன் முதல் டர்னில் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அந்த டர்ன் வந்து போனதும் அவன் சர்ப்ரைஸில் இல்லை. இனிஷியேட்டிவில் நீங்கள் பின்தங்கினால், அவன் கல்லாகச் சமைந்து நின்ற டர்ன் கழிந்த பிறகுதான் உங்கள் அம்பு போகிறது. தானாக வரும் கிரிட்டிகல் (டேமேஜ் பகடை இரட்டிப்பாகும் அடி) இல்லை, முந்தினவருக்குக் கிடைக்கும் அட்வான்டேஜும் இல்லை. டெக்ஸ் 18-க்கு +4, ட்ரோவுக்கு +2. நீங்கள் முந்த வாய்ப்பு சுமார் 57 சதவீதம். அதை சர்ப்ரைஸ் வாய்ப்போடு பெருக்க வேண்டும். பாஸ் வித்அவுட் ட்ரேஸ் இல்லாத உங்கள் குழுவில் 2 சதவீதத்தில் 57 சதவீதம். சப்கிளாஸின் முக்கிய அம்சம் கேம்பெய்ன் முழுக்க ஒரு தடவை வேலை செய்தால் அதிசயம்.

பலித்தாலும் என்ன கிடைக்கிறது? லெவல் 5-இல் கிரிட்டிகல் 8டி6+4, சராசரி 32. சாதாரண ட்ரோவுக்கு ஹிட் பாயின்ட் 13. எலியைப் பிடிக்க யானைக்குழி. கிரிட்டிகல் இல்லாத 18-லேயே அவன் செத்திருப்பான். 71 ஹிட் பாயின்ட் வைத்திருக்கும் ட்ரோ எலைட் வாரியர் மாதிரி ஆளுக்குத்தான் அந்த 32 பொருள்படும். அவனுக்கு பாசிவ் 14, இனிஷியேட்டிவ் +4.

ஆர்க்கேன் ட்ரிக்ஸ்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத மேஜ் ஹேண்ட் (மாயக் கை), 30 அடி தள்ளி நின்றே பூட்டு திறக்கலாம், பொறியைக் கழற்றலாம். பொறி வெடித்தாலும் வெடிப்பது கைக்குத்தான். அமைதியாக, யாரும் கொண்டாடாமல் வாராவாரம் பலன் தரும் சப்கிளாஸ். இன்டெலிஜென்ஸுக்குக் கொஞ்சம் பாயின்ட் ஒதுக்க வேண்டும்; விஸ்டமில் கைவைக்க வேண்டிவரும்.

வேவுக்கு இன்னொரு போட்டியாளர் உண்டு, உங்கள் விசார்டின் ஆந்தை. ஃபைண்ட் ஃபெமிலியர் ஸ்பெல், 10 தங்கம் மதிப்புள்ள பொருட்கள், 120 அடி டார்க்விஷன், 100 அடிக்குள் இருந்தால் விசார்ட் அதன் கண்ணால் பார்க்கலாம். செத்தால் மறுபடி 10 தங்கம். நீங்கள் செத்தால் புது ஷீட். கதவு திறப்பதும் காது வைத்துக் கேட்பதும் உங்கள் வேலை, காலியான குகையை எட்டிப் பார்ப்பது ஆந்தையின் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கரும்பூனை

ஹூக் ஹாரரை விட்டுட்டோம். அதுக்கு 60 அடி ப்ளைண்ட்சைட் (கண்ணு இல்லாமலே உணர்றது), டார்க்விஷன் வெறும் 10 அடி. க்ளூம் ஸ்டாக்கரோட இன்விசிபிள் வித்தை அங்க செல்லாக்காசு, அது கண்ணை நம்பியே இல்ல. காது கூர்மை வேற. பாசிவ் 15, காதுல கேட்கிற விஷயத்துக்கு அட்வான்டேஜ் இருக்கிறதால 20-னு கணக்கு வெச்சுக்கணும். பாஸ் வித்அவுட் ட்ரேஸ் போட்டாலும் உங்க பாலடின் நெனச்சாலே பயமா இருக்கு.

ஆனா அதோட ப்ளைண்ட்சைட் எதிரொலில ஓடுது. காது அடைச்சா போச்சு. சைலன்ஸ் ஸ்பெல் 20 அடி ஆரக் கோளம், உள்ள முழுசா இருக்கிற எதுவும் செவிடு. அதனால செய்முறை இப்படி. ஆந்தையை அனுப்பி அது எங்க நிக்குதுன்னு பாருங்க, ஆனா ஆந்தை 60 அடிக்குள்ள போகக் கூடாது. நீங்க 80, 90 அடி தள்ளி நின்னு அது நிக்கிற இடத்தை நடுவா வெச்சு சைலன்ஸ் போடுங்க. ஸ்பெல்லைச் சொல்றப்ப வாய் திறந்து சொல்லணும், கிட்ட நின்னு சொன்னா கேட்டுடும், அதுக்குத்தான் தூரம். இப்போ அதுக்கு 10 அடிக்கு மேல ஒண்ணும் தெரியாது. பத்து நிமிஷம் டைம். செயின் மெயில் கலகலன்னு ஆடினாலும் ஓரமா நடந்து போயிடலாம். கோளம் நகராது, அது கால் எடுத்து வெளிய வந்துட்டா காது திரும்பிடும். அதனால நின்னு வேடிக்கை பார்க்காதீங்க.

சைலன்ஸும் கான்சன்ட்ரேஷன்தான். ஒரே ஆள் ரெண்டையும் பிடிச்சு வெச்சுக்க முடியாது.

முதல்_உருட்டு

எல்லோருக்கும் நன்றி. கிளெரிக் நண்பரிடம் பேசினேன். ட்ரிக்கரிக்கு மாற அவருக்கு ஆட்சேபம் இல்லை, இரண்டு தயக்கம்தான். செயின் மெயில் போனால் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 18-இலிருந்து விழுந்துவிடும் என்கிறார். வைத்தியம் குறையும் என்கிறார். வேறு வழி உண்டா? அப்படி அவர் மாறினால் அசாஸின் பற்றிய தீர்ப்பு மாறுமா?

பகடைப்பித்தன்

ஏசி: ட்ரிக்கரிக்கு மீடியம் ஆர்மர் வரைதான். அதே டெக்ஸ் 10-ஓடு செயின் ஷர்ட், கேடயம் என்றால் 15, மூன்று குறைகிறது. ஆனால் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லையே. ஹெவி ஆர்மருக்காக ஸ்ட்ரெங்த்தில் போட்ட பாயின்ட்டை எடுத்து டெக்ஸை 14 ஆக்கச் சொல்லுங்கள். செயின் ஷர்ட் 13, டெக்ஸ் 2, கேடயம் 2, மொத்தம் 17. ஒன்றுதான் நஷ்டம். ஸ்கேல் மெயில் பக்கம் போக வேண்டாம், விலை அதே 50 தங்கம்தான் என்றாலும் ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ் உண்டு. 400 தங்கம் சேர்ந்ததும் ப்ரெஸ்ட்ப்ளேட் வாங்கினால் மறுபடி 18, டிஸ்அட்வான்டேஜும் இல்லை.

வைத்தியம்: லைஃப் டொமைனில் கிடைப்பது ஒவ்வொரு வைத்திய ஸ்பெல்லுக்கும் 2-உடன் ஸ்பெல் லெவலைக் கூட்டிய அளவு கூடுதல் ஹிட் பாயின்ட். முதல் லெவல் க்யூர் வூண்ட்ஸுக்கு 3. அது போகும். பாலடின் கையில் லெவல் 3-இல் 15 பாயின்ட் லே ஆன் ஹேண்ட்ஸ் (தொட்டுக் குணமாக்குவது) இருக்கிறது. விழுந்தவரை எழுப்ப அதிலிருந்து ஒரு பாயின்ட் போதும்.

இன்னொன்றை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ட்ரிக்கரியின் ப்ளெஸ்ஸிங் ஆஃப் த ட்ரிக்ஸ்டர் ஒருவரைத் தொட்டால் ஒரு மணி நேரம் ஸ்டெல்த்தில் அட்வான்டேஜ். தன்னைத் தொட்டுக்கொள்ள முடியாது. கான்சன்ட்ரேஷன் இல்லை, ஸ்லாட் செலவு இல்லை. எல்லோரும் ரோக்கைத் தொடுவார்கள். தவறு. தொட வேண்டியது பாலடினை. அவருடைய டிஸ்அட்வான்டேஜோடு அடித்துப்போய் சாதாரண உருட்டாகிவிடும்.

லெவல் 5-இல் மறுபடி போட்டுப் பாருங்கள். பாஸ் வித்அவுட் ட்ரேஸோடு கிளெரிக் +12, விசார்ட் +12, நீங்கள் +20, மூவரும் பாசிவ் 12-க்கு விழவே மாட்டீர்கள். பாலடின் +10, 1 விழுந்தால்தான் மாட்டுவார். 95 சதவீதம். எலைட் வாரியரின் 14-க்கு எதிராகக்கூட 77 வருகிறது.

ஸ்லோ பேஸில் நடந்தால்தான் பதுங்கல். மணிக்கு 2 மைல், ஸ்பெல்லும் ஒரு மணி நேரம். ஆக ஒரு ஸ்லாட்டுக்கு 2 மைல். லெவல் 3-இல் நாளுக்கு 4 மைல்தான் உங்கள் திருட்டு நடை. எங்கே செலவழிப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

திரைக்குப்பின்_டிஎம்

அசாஸின் தீர்ப்பு மாறும். 95-ஐ 57-ஆல் பெருக்கினால் 54. பாதிக்குப் பாதி பலிக்கிற சப்கிளாஸை வீண் என்று சொல்ல முடியாது. லெவல் 4-இல் டெக்ஸைக் கூட்டுவதற்குப் பதில் அலர்ட் ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தால் இனிஷியேட்டிவுக்கு +5. டெக்ஸ் 17-லேயே நின்றுவிடும், ஸ்டெல்த் ஒன்று குறையும், ஆனால் ட்ரோவை முந்தும் வாய்ப்பு 74-க்கு ஏறுகிறது. டெக்ஸை 18 ஆக்குவதா, அலர்ட்டா என்று கேட்டால் அசாஸினுக்கு மட்டும் அலர்ட் என்பேன். வேறு எந்த ரோக்குக்கும் முதலில் டெக்ஸ்.

சர்ப்ரைஸை உங்கள் டிஎம் எப்படிக் கணக்கிடுகிறார் என்று முதல் செஷனுக்கு முன் கேட்டுவிடுங்கள். புத்தகப்படி தனித்தனியாக ஒப்பிடுபவர் உண்டு. பாதிப் பேர் ஜெயித்தால் போதும் என்று குழு உருட்டாக வைப்பவரும் உண்டு. இரண்டாவது வகை என்றால் பாலடினைப் பற்றி இவ்வளவு கவலையே வேண்டாம். நடுவில் 2024 விதிகளுக்கு மாறுவதாகச் சொன்னால் அசாஸினை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் சர்ப்ரைஸ் என்பது எதிரியின் இனிஷியேட்டிவுக்கு டிஸ்அட்வான்டேஜ் மட்டும்தான். ஒளிவதற்கும் 15 என்று நிலையான எண் வந்துவிட்டது.

முதல்_உருட்டு

டிஎம்மிடம் கேட்டேன். தனித்தனியாகத்தான் ஒப்பிடுவாராம், நடுவில் விதி மாற்றம் இல்லையாம். கிளெரிக் டெக்ஸ் 14-க்கு ஷீட்டைத் திருத்திவிட்டார். நான் வுட் எல்ஃப் அசாஸின், லெவல் 4-இல் அலர்ட். விசார்டிடம் டார்க்விஷன் ஸ்பெல் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை, இரண்டு ஸ்லாட்டும் போகும் என்று எப்படிச் சொல்வது?

கரும்பூனை

முதல்ல ரெண்டு ஹூடட் லாந்தர் வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லுங்க. 10 தங்கம்தான். முதல் தடவை ட்ரோ கூட்டம் வெளிச்சத்தைப் பார்த்து வந்து நின்னதும் அவரே அந்த ஸ்பெல்லை எழுதிப்பார்.